பேய்வள்ளி

யுத்தத்தால் அரிசி கிடைக்காதபோது, பிரேசர் டவுன் பள்ளியில் தாவரவியல் வாத்தியாரான நான் ஆனேக்கல் காட்டுக்கு வள்ளிக்கிழங்கு தோண்டப் போனேன். படித்தவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே! நான்கு கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு கிழங்கைக் கடித்தேன். நாக்கு தீயாய் எரிந்தது.

அருகில் இரும்புப் பூண் போட்ட கம்பால் தோண்டிக்கொண்டிருந்த நரைமுடிக்காரி சிரித்தாள்.

"அது பேய்வள்ளி சாமி. பன்னிகூடத் தொடாது."

தன் கூடையிலிருந்து நல்ல கிழங்கு கொடுத்தாள். கிழங்கை எடுத்ததும், அதன் தலைப்பாகத்தைக் கொடியோடு விட்டு மறுபடி மண்ணில் புதைத்துக்கொண்டே வந்தாள்.

"முளைச்சா வேற யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்களே?" என்று வீங்கிய நாக்கோடு குழறினேன்.

"போவட்டும். அவங்களுக்கும் பசிதானே?"

கிளம்பியவன் திரும்பிப் பார்த்தேன். நான் எறிந்த கொடிகளை அவள் பொறுக்கிப் புதைத்துக்கொண்டிருந்தாள், பேய்வள்ளியையும் சேர்த்து. அது யாருக்கென்று இந்த வாத்தியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை.