தேதி போடாத அஞ்சலி

மழைக்காலத்தில் அத்தை வீட்டில் படுத்து அண்ணாந்து பார்த்தால் அத்தையின் முகம்தான் தெரியும். தாராவியில் ஒழுகாத தகரம் ஏது? தகரத்துக்குக் கீழே ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டி, சொட்டுகிற தண்ணீரை ஒரு மூலைக்குச் சாய்த்து வாளியில் விழச் செய்வார்கள். மற்ற வீடுகளில் கட்சித் தலைவரோ நகைக்கடை விளம்பரமோ தொங்கும். அத்தை வீட்டில் மட்டும் கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி. அத்தை அப்போதும் உயிரோடுதான் இருந்தாள், இப்போதும் இருக்கிறாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை; பள்ளிக்கூடப் பை தைத்து விற்றாள். மாடுங்காவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் அவளோடு அந்த ஒற்றை அறையில் இருந்தார். எத்தனையோ வருஷம் அப்படித்தான். சந்தில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொணையா கெடக்குதுவ, பாவம்" என்பார்கள். என்னையும் சேர்த்து எல்லா வீட்டுப் பிள்ளைகளும் டீச்சரிடம்தான் டியூஷன் படித்தோம். 'பாவம்' என்று சொல்ல இடம் கொடுக்கிறவரைக்கும் எல்லா ஊரும் நல்ல ஊர்தான்!

பொங்கலுக்குப் பொங்கல் சந்து முனையில் வாழ்த்து பேனர் கட்டுவார்கள். அதில் இருப்பதெல்லாம் ஆண்களின் முகம். பெண் வரவேண்டுமென்றால் புருஷன் பக்கத்தில் கைகூப்பி நிற்கலாம். தண்ணீர்க் குழாய்க்காக வார்டு ஆபீஸில் போய்த் தொண்டை கிழியக் கத்தியது அத்தை. குழாய் வாங்கித் தந்ததாகப் பேனரில் சிரித்தது வேறு யாரோ. அத்தைக்கு வந்ததே கோபம்! அந்த வருஷம் தானே ஒரு பேனர் அடித்தாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் டீச்சர், நடுவில் பொங்கல் பானை. இருவரும் கைகூப்பியிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நிற்கிற இடம் அது என்று அத்தைக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் செய்தாள் என்று நினைக்கிறேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தையைக் கண்டால் குழாயடியில் பேச்சு நின்றது. வீட்டுக்குள் இருந்தவரை துணை என்றவர்களுக்கு, முகம் சந்து முனையில் ஏறியதும் அதற்கு வேறு பெயர் இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. பிறகு ஒரு நாள் காலையில், பொங்கல் பேனர் கட்டியிருந்த அதே மூங்கிலில், அதே படம் கறுப்பு வெள்ளையில் தொங்கியது. டீச்சரை வெட்டிவிட்டு அத்தையை மட்டும் போட்டிருந்தார்கள். 'தோற்றம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் பிறந்த வருஷம் சரியாக இருந்தது. அதைத் தெரிந்துவைத்திருக்கிற யாரோதான் அடித்திருக்க வேண்டும். 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அப்பா ஓடி வந்தார். "யக்கா, கொஞ்ச நாளைக்கு ஊருக்குப் போயிட்டு வாக்கா" என்றார். அத்தை ஏணி வைத்து ஏறி, தானே அவிழ்த்து, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "நல்ல கெட்டி ஃப்ளெக்ஸு, காசு போட்டு அடிச்சிருக்கானுவ. மழைக்கு ஆவும்" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

சொன்னபடியே மழை தொடங்கியதும் கட்டினாள், முகம் கீழே பார்க்க. "எம் மூஞ்சிதான, நானே பாத்துக்கிடுதேன்." அதன் கீழே டீச்சரும் படுக்க வேண்டுமே, அதை அத்தை யோசிக்கவில்லை. டீச்சர் பேனரில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை, 'மறைவு' பக்கத்தில் இருந்த காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் என் எதிரிலேயே சொன்னார்: "தினம் அந்த இடத்துல ஒரு தேதிய நானே எழுதிப் பாக்கறேன். தூக்கமே வரல. அத கழட்டிடேன்." அத்தை தையல் மெஷினை நிறுத்தவில்லை. "கழத்துனா பயந்துட்டேன்னு ஆயிரும்லா?" மழை விடுவதற்குள் டீச்சர் தாணேயில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. பேனர் அடித்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் இப்போது செம்பூரில், ஒழுகாத வீட்டில், அத்தை டீச்சரோடு இருந்த மாதிரி, எனக்குப் பிடித்தவளோடு இருக்கிறேன். காலம் மாறிவிட்டது, சட்டமே மாறிவிட்டது என்று நானும்தான் வாய் கிழியப் பேசினேன். போன வாரம், சொசைட்டி கமிட்டித் தேர்தலில் நிற்கிறேன் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதி, பால்கனியில் நாங்கள் இருவரும் நிற்கிற படத்தைப் போட்டேன். இன்று காலை, அவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, அதே படம் குழுவில் திரும்பி வந்தது. அவளை வெட்டியிருந்தார்கள். எனக்கு மாலை போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் எமோஜி போட்டிருந்தவர்கள் லிஃப்டில் தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்கிறவர்கள்.

நேராக அத்தையிடம் ஓடினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபோனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள், இல்லை சிரிப்பாள் என்று காத்திருந்தேன். தலைக்கு மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸில் அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. கறுப்புக் கரையும் 'மறைவு' என்ற எழுத்தும்தான் மிச்சம்.

"ஏட்டி, அந்தப் புள்ள இதப் பாத்துட்டாளா?" என்றாள்.

காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், அவள் எடுக்கவில்லை. அவளும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள்.