டிலார்டின் முகம் போட்ட புட்டி

ஒர்லீனா பிராட் விஸ்கி குடிக்கமாட்டாள். பாப்டிஸ்ட் சபைக்காரி, ஞாயிறு தவறாமல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள். ஆனால் கென்டக்கியின் எங்கள் மலை மாவட்டத்தில் விஸ்கியை அவளைவிட நன்றாக அறிந்த மூக்கு கிடையாது. மேற்கே ஒரு பெரிய ஆலையில் இருபத்தாறு வருஷம் செம்புக் கொப்பரையருகே நின்று, வடிந்து வருவதை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, இது ஆகாது, கொட்டு, இது ஆகும், பிடி என்று சொன்னவள். முதலில் வடிவது நகப்பூச்சு நாற்றம் நாறும். கடைசியில் வடிவது மழையில் நனைந்த நாய் மாதிரி நாறும். நடுவில் வருவதுதான் சரக்கு. புருஷன் செத்தபின் அறுபது வயதில் சொந்த ஊருக்குத் திரும்பியவளை, கார்ட்டர் விட்லாக் வேலைக்குப் பிடித்துப் போட்டுக்கொண்டான்.

விட்லாக் சிகாகோக்காரன், முப்பத்தாறு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிச் சம்பாதித்த பணத்தில் எங்கள் பழைய தீவனக் கிடங்கை வாங்கி, ‘கைவினை விஸ்கி’ என்று பலகை மாட்டினான். யாருடைய கை என்று பலகை சொல்லவில்லை. முதல் இரண்டு வருஷம் இந்தியானாவிலிருந்து டேங்கர் லாரியில் வந்த சரக்கைப் புட்டியில் அடைத்து, கழுத்தில் சணல் கயிறு கட்டி விற்றான். துருப்பிடித்த டிரக் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வாசலில் அலங்காரமாக நிறுத்தினான். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட வண்டியை அப்புறப்படுத்தத்தான் காசு கொடுப்பார்கள்.

சனிக்கிழமைகளில் வெளியூர்க் கூட்டம் வரும். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை மூக்கில் கவிழ்த்துக்கொண்டு, சேணத் தோல் வாசனை வருகிறது என்பான் ஒருவன். இல்லை, பழைய நூலகம் என்பாள் அவன் மனைவி. குதிரையில் ஏறாதவனுக்குச் சேணம் எங்கே மணக்கும் என்று ஒர்லீனா மனதுக்குள் சிரித்துக்கொண்டு கொப்பரையைக் கழுவுவாள். சம்பளம் நன்றாக இருந்தது. ஆலை சொந்தமாக வடிக்கத் தொடங்கியபின் வந்த சரக்கும், அவள் மூக்கின் புண்ணியத்தில், யோக்கியமாக இருந்தது.

வம்பு லேபிளில் வந்தது. கதை இல்லாத விஸ்கி எண்பது டாலருக்குப் போகாது என்று விட்லாக்குக்கு யாரோ ஓதியிருக்கிறார்கள். கோர்ட்டுப் பழங்கட்டுகளைக் குடைந்ததில் டிலார்ட் பிராட் என்ற பெயர் அகப்பட்டது. மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவன். ஒர்லீனாவின் சொந்தத் தாத்தா. விட்லாக்குக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒர்லீனாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லெக்சிங்டனில் இருக்கும் அவள் சித்தப்பா மகன் டென்வரைப் பிடித்து, தாத்தாவின் பெயரையும் படத்தையும் போட்டுக்கொள்ள ஒரு பெட்டி விஸ்கிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று டென்வரும் போட்டுக் கொடுத்தான்.

லேபிள் வந்த அன்றுதான் ஒர்லீனா பார்த்தாள். டிலார்டுக்கு இருக்கிற ஒரே படம் போலீஸ் எடுத்தது, சட்டைக் கழுத்து கிழிந்து, கண் வீங்கி. அதற்கு ஓவியன் ஒரு தொப்பி வைத்து, கண்ணில் கருணையும் வரைந்திருந்தான். ‘அரசுக்கு அஞ்சாதவர், அண்டை வீட்டாரின் நண்பர்’ என்று கீழே எழுத்து.

அந்த அண்டை வீட்டார் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். டிலார்ட் செம்புக்குப் பதிலாக உடைந்த ஃபோர்டு காரின் ரேடியேட்டரில் வடித்தான். அதிலிருந்த காரீயம் அப்படியே சாராயத்தில் இறங்கியது. முதல் வடியைக் கொட்டவும் மனசு வராது அவனுக்கு. நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் பக்கத்துப் பண்ணைக்காரன் கிரேடி ஸ்டிடம், ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். டிலார்ட் பதினெட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து மறுபடியும் காய்ச்சினான். ஸ்டிடம் வீட்டாரும் பிராட் வீட்டாரும் நாற்பது வருஷம் ஒரே சபையில் இருந்துகொண்டு முகம் பார்த்ததில்லை. கிரேடியின் பேத்தி வில்டாதான் முதலில் பேசினாள். அவளும் ஒர்லீனாவும் அப்போது பதினைந்து வயதுப் பெண்கள். ஒர்லீனா மேற்கே இருந்த வருஷங்கள் போக, அன்றிலிருந்து இருவரும் பாட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறார்கள். ஒர்லீனாவுக்குப் பிள்ளைகள் இல்லை, புருஷனும் போய்விட்டான். வில்டா ஒருத்திதான் உலகத்தில் அவளுக்கென்று இருந்தாள்.

லேபிளைக் கையில் எடுத்துக்கொண்டு விட்லாக்கிடம் போனாள்.

“தம்பி, இந்த ஆளு கொலைகாரன்.”

“மிஸ் ஒர்லீனா, அந்தக் காலத்துல எல்லாருமே கொஞ்சம் முரட்டு ஆளுங்கதான்,” என்று தாடியைத் தடவினான் விட்லாக். “சனிக்கிழமை வெளியீடு வச்சிருக்கேன். பேத்தின்னு சொல்லி நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசணும். மனசுல என்ன தோணுதோ அதைப் பேசுங்க.”

“மனசுல தோணுறதையா?”

“அதேதான்.”

அன்று மாலை வில்டாவின் சமையலறையில் அவரைச் சூப்பும் மக்காச்சோள ரொட்டியும் இருந்தது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் வில்டா, அதிகம் பேசமாட்டாள். லேபிளைப் பார்த்தாள், மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

“வேலையை விட்டுடு. அது போதும் எனக்கு.”

“விட்டா? அவன் பாட்டுக்கு வித்துட்டுப் போயிடுவான். சனிக்கிழமை நூறு பேரு வர்றான். அத்தனை பேரு முன்னாடி போட்டு உடைக்கிறேன் பாரு. ஒருத்தன் ஒரு புட்டி வாங்கறானான்னு பாக்கறேன்.”

“எங்க தாத்தாவைப் பத்தி அவங்ககிட்ட எதுக்குடி சொல்லணும்?”

“எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீ சும்மா இரு.”

வில்டா ரொட்டியில் இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள்.

ஒர்லீனாவின் கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அதில் ஆசையும் கலந்திருந்தது. அந்தத் தாடிக்காரன் முகம் செத்துப்போவதைப் பார்க்கிற ஆசை. மூன்று இரவு படுக்கையில் புரண்டு பேச்சை மனப்பாடம் செய்தாள். எந்த வடியைக் கொட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன் வாயில் வருவதில் எதைக் கொட்டுவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை நூற்றிருபது புட்டிகள் மேசையில் நின்றன. ஒவ்வொன்றிலும் டிலார்ட் தொப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சோ வாசிக்க லூயிவில்லிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டி வந்திருந்தான் விட்லாக். அவர்கள் நிறுத்தியதும் ஒர்லீனா மேடையேறினாள்.

“புட்டியில இருக்கிறவரு எங்க தாத்தா. தொப்பி அவரோடது இல்ல, அது படம் போட்டவன் குடுத்தது. எங்க தாத்தா சாராயத்தை உடைஞ்ச கார் ரேடியேட்டர்ல வடிச்சாரு. அதுல ஈயம் இருக்குன்னு தெரிஞ்சும் வடிச்சாரு. கிரேடி ஸ்டிடம்னு பக்கத்து வீட்டுக்காரரு கிறிஸ்துமஸுக்கு ரெண்டு ஜாடி வாங்கினாரு. பிப்ரவரியில கால் விளங்காமப் போச்சு. மார்ச்சுல கண்ணு போச்சு. பொண்டாட்டி பேசினா குரல் வர்ற பக்கம் முகத்தைத் திருப்புவாராம். ஏப்ரல்ல செத்தாரு. அஞ்சு புள்ளைங்க. நீங்க எண்பது டாலர் குடுத்து வாங்கப்போறது இந்த ஆளோட முகத்தைத்தான்.”

ஒர்லீனா விட்லாக்கைப் பார்த்தாள். அவன் வெளுத்துத்தான் போயிருந்தான். அவள் இத்தனை நாள் காத்திருந்தது அதற்குத்தான். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குக் கிடைத்தது.

பிறகு பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். கிடங்கு முழுக்க எழுந்து நின்று தட்டியது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு உண்மையான இடத்துக்கு நாங்கள் வந்ததே இல்லை என்றாள். வரிசை வாசலில் நின்ற துருப்பிடித்த டிரக்கைத் தாண்டிப் போயிற்று. நாற்பது நிமிஷத்தில் மேசை காலி. ஒஹாயோக்காரர் ஒருவர் புட்டியையும் பேனாவையும் ஒர்லீனாவிடம் நீட்டி, “‘கிரேடியின் நினைவாக’ன்னு எழுதிக் குடுங்கம்மா” என்றார். இவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வாங்குவார்கள். பொய்யைக் கொடுத்தால் பொய், பிணத்தைக் கொடுத்தால் பிணம். சணல் கயிறு கட்டியிருந்தால் போதும்.

விட்லாக் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கே கண் கலங்கியிருந்தது.

“மிஸ் ஒர்லீனா, நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. இதே மாதிரி, ஒரு வார்த்தை மாத்த வேண்டாம். அந்த மாதிரி ரேடியேட்டர் எங்கயாவது கிடைக்குமா? சுவத்துல மாட்டலாம். ஸ்டிடம் வீட்டுல யாராவது இருக்காங்களா? அடுத்த லேபிளுக்குக் கிரேடியோட படம் ஒண்ணு வேணும்.”

ஒர்லீனா ஏப்ரனைக் கழற்றி அவன் காலடியில் போட்டாள். “இத மாட்டு சுவத்துல,” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள்.

வில்டாவின் வீடு பத்து நிமிஷம். அதற்குள், கூட்டத்தில் யாரோ படம்பிடித்து அனுப்பிய முழுப் பேச்சையும் வில்டாவின் அண்ணன் மகள் கைப்பேசியில் அவளுக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். வில்டா வலைக்கதவுக்கு உள்ளே நின்றாள்.

“வேலையை விட்டுட்டேன்டி.”

“நான் கேட்டப்ப விட்டிருக்கலாம்.”

“உண்மையைத்தானே சொன்னேன்.”

“ஆமா, சொன்ன. எங்க தாத்தா செத்ததுக்கு இதுவரைக்கும் யாரும் கை தட்டினதில்ல.”

ஒர்லீனா கதவுப் பிடியில் கை வைத்தாள். வில்டா உள்ளிருந்து கொக்கியைப் போட்டாள், சத்தமில்லாமல், கோபமில்லாமல்.

“அந்தப் பய சொன்ன பொய்யில எங்க தாத்தா இல்லவே இல்ல, ஒர்லீனா. நீதான் கூட்டிட்டுப் போய் நிறுத்தின.”

சொல்லிவிட்டு வில்டா அடுப்படிப் பக்கம் போனாள். ஒர்லீனா கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.