எண்ணெய் முள், சூட்டு முள்

கல்யாணத்தன்று சர்ச்சுக்கு நம்ம பழைய அம்பாசிடரில்தான் போவேன் என்று என் மகள் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் ஏசி கார் அனுப்புகிறோம் என்றார்கள். "அதெல்லாம் வேணாம். எங்கப்பா ஓட்டுவாரு, நான் பின்னாடி உக்காந்துக்கினு வருவேன்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் அன்று சாயங்காலமே பயம் பிடித்துக்கொண்டது. வழியில் வண்டி நின்றுவிட்டால்? வெள்ளைப் பட்டுச் சேலையோடு என் பிள்ளை நடுரோட்டில் நிற்பதா?

பயப்படக் காரணம் இருந்தது. அந்தக் காரில் எண்ணெயைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் உண்டு. எண்ணெய் அழுத்தம் சுத்தமாகப் போன பிறகுதான் அது எரியும். ஆள் செத்த பிறகு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. இன்ஜின் சூட்டைச் சொல்ல அதுவும் இல்லை. ஆகவே எண்ணெய் அழுத்தத்துக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். தெருமுனையில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற பாயைப் பிடித்தேன்.

வேலை லேசானதுதான். இன்ஜினில் இரண்டு இடத்தில் சென்சார் மாட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஒயரை உள்ளே இழுத்து அதனதன் மீட்டரில் கொடுக்க வேண்டும். பாயிடம் இருந்தது ஒரே கறுப்பு ஒயர்ச் சுருள். "எது எதுன்னு தெரியணும்ணே, முனையில ஏதாச்சும் துணி கட்டுங்க" என்றார். நான் பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். சாம்பிள் துண்டுகள் எப்போதும் என் பையில் கிடக்கும். எண்ணெய் ஒயரின் இரண்டு முனையிலும் மயில்கழுத்துத் துண்டு கட்டினேன், சூட்டு ஒயருக்குக் கரும்பச்சை. பானெட்டைத் திறந்து வெயிலில் நின்றபடி, "நீலம் ஆயிலு, பச்சை சூடு, ஞாபகம் வச்சிக்க பாய்!" என்று கத்தினேன். அவர் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, "உம்" என்றார்.

பக்கத்து ஊர் மாகறல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது எண்ணெய் முள் உச்சியில் நின்றது. போகப் போக இறங்கிக்கொண்டே வந்து, ஊர் வந்து சேர்வதற்குள் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சூட்டு முள்ளின் கூத்து வேறு. வேகமாகப் போனால் குளிர்ந்து படுத்துவிடும், வண்டியை நிறுத்தினால் ஏறும். பதறிப்போய் இறங்கி பானெட்டைத் திறந்தால் ஆவியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரேடியேட்டர் எப்போதும் இருக்கிற சூட்டில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாய் எண்ணெயை மாற்றினார். மறுநாளும் அதே கதை. தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். அதே கதை. "இன்ஜின் சத்தத்தக் கேளுங்கண்ணே, எவ்ளோ நல்லா இருக்குது! மீட்ரு டூப்பு விடுது" என்றார் அவர். "அப்போ எதுக்குய்யா மாட்டினோம்?" என்று நான் எரிந்து விழுந்தேன். காதை நம்புவதா, முள்ளை நம்புவதா? ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் முள் ஆடியது. "வண்டிக்குப் பிரஷர் கம்மி, உங்களுக்குத்தான் ஏறிக்கினே போவுது" என்றாள் என் மனைவி. சிரிக்கிற நிலையிலா இருந்தேன் நான்?

கடைசியில் மகளிடம் சொல்லிவிட்டேன். "வேணாம்மா, அவங்க வண்டியிலயே போயிடு." அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரிப்பா" என்று பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த "சரிப்பா" என்னைக் கொன்றுவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பூக்கடைக்குப் போகலாம் என்று வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ஸ்டார்ட் செய்வதற்குள் மனைவி வாசலில் வந்து நின்று பழமும் வாங்கி வாங்க என்று ஆரம்பித்தாள். அவளுக்குத் தலையாட்டிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். சூட்டு முள் சிவப்பைத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் முள்ளோ உச்சியில். அட, இன்ஜினே இன்னும் ஓடவில்லை! இறங்கி பானெட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

ஓடாத இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் இருக்காது, சூடும் இருக்காது. இரண்டுமே உச்சியில் என்றால்? எண்ணெய் முள் சூட்டைப் பார்க்கிறதோ? சூட்டு முள் எண்ணெயைப் பார்க்கிறதோ?

பாயை வீட்டிலிருந்து இழுத்து வந்தேன். அவர் மறுபடி அடியில் படுத்து டார்ச் அடித்தார். "சரியாத்தான் மாட்டிருக்கேன்ணே. பச்சை சூட்டுல, நீலம் ஆயிலுல. நீங்களே வந்து பாருங்க." குனிந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் மயில்கழுத்து பளபளவென்று பச்சையாக மின்னியது. பக்கத்தில் கரும்பச்சை, கறுத்த நீலமாகத் தெரிந்தது. பாய்மேல் என்ன தப்பு? வெயிலில் ஒரு நிறம், விளக்கில் ஒரு நிறம், வாசலுக்கு வந்து பார்த்து வாங்குங்கம்மா என்று நாள் முழுக்கக் கடையில் சொல்கிற வாய் இது. அந்தத் துணியையா அடையாளத்துக்குக் கட்டுவேன்! வெட்கமாக இருந்தது. பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எண்ணெய் சென்சாரும் சூட்டு சென்சாரும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக வேலை செய்யும், அதனால்தான் ஒயர் மாறியதும் முட்கள் தலைகீழாகக் காட்டின என்றார். ஒயரை மாற்றிக் கொடுத்ததும் இரண்டு முட்களும் நல்ல பிள்ளைகளாக நின்றன.

மகளிடம் ஓடினேன். "நம்ம வண்டியிலதாம்மா!" அவள் மருதாணிக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் பாழ்.

மறுநாள் மனைவி உறவினர்களோடு முன்னால் போய்விட்டாள். வண்டியில் நானும் மகளும் மட்டும். முகூர்த்த நாள், பட்டு எடுக்க வந்த வெளியூர் வேன்கள் கடைத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. நேற்றுவரை பொய் சொன்ன முட்களை ஒரே நாளில் எப்படி நம்புவது? சூடு ஏறுகிறதா, எண்ணெய் இறங்குகிறதா என்று ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் மீட்டரிலுமாக ஓட்டினேன். பின்னால் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நானும் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

சர்ச் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பாத்தியாம்மா, ஒண்ணும் ஆவல!" என்று திரும்பினேன். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். கண் கலங்கியிருந்தது.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலியேப்பா."

"என்னாம்மா கேட்ட?"

அவள் என்னையே பார்த்தாள். அதற்குள் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். "ஒண்ணுமில்லப்பா, வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போது பெங்களூரில் இருக்கிறாள். போனில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "மறந்துபோச்சுப்பா" என்று சிரிக்கிறாள். உண்மையா, என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாளா, விளங்கவில்லை. அன்றைக்கு எந்தத் தெருவில் எண்ணெய் முள் எங்கே நின்றது என்று கேளுங்கள், இன்றைக்கும் சொல்வேன். என் பிள்ளை என்ன கேட்டாள் என்றுதான் எனக்குத் தெரியாது.