சூப்பிரண்டின் அஸ்தி

கரமனையில் சிவதாணுவுக்கு எத்தனை விரோதிகள் என்று கேட்டால் அவரே விரல் விட்டு எண்ணிச் சொல்வார். இரண்டு கை விரல்களும் போதாது. முதல் விரல் அவருடைய சொந்தத் தம்பி. தொண்ணூற்று நாலில் ஒரு கல்யாணத்தில், “அண்ணன் பந்தியில பரிமாறாண்டாம், ஆளுக ஒரு மாதிரி பாக்காவ” என்று தம்பி சொல்லிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. தம்பிக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது சிவதாணு ஆஸ்பத்திரிக்குப் போனார். தம்பி கண்ணில் படுகிற மாதிரி வாசலில் கால் மணி நேரம் நின்றார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்.

அந்த விரல்களில் ஒன்று என்னுடையது. என் பெயர் பட்டாபி. முப்பத்தைந்து வருஷம் வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், அக்கிரஹாரத்துக்காரன். ஒரு நாள் பஸ்ஸில் சிவதாணுவின் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் கிழக்கேகோட்டை வரை நின்றுகொண்டே போனேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். அப்புறம் பதினோரு வருஷம் என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

சிவதாணு நகரத்துப் பொதுச் சுடுகாட்டில் மின்சாரத் தகன உலையை ஓட்டியவர். முப்பத்தொரு வருஷம். இந்த ஊரில் வக்கீல், டாக்டர், மந்திரிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று எல்லோரையும் கடைசியாகக் கையாண்டவர் அவர்தான். காரியம் முடிந்ததும் எல்லோரும் அவரை மறந்துவிடுவார்கள். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஒருவருடைய சாம்பல் இன்னொருவருக்குப் போனதே கிடையாது. ஒவ்வொரு முறையும் உலைத் தட்டு ஆறியபிறகு துடைப்பத்தால் கூட்டி, பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவரை ஏற்றுவார். கொரோனா காலத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நின்றபோதும் கூட்டாமல் ஏற்றியதில்லை. அதற்கு வெகுகாலம் முன்பு, கையுறை கேட்டு எழுதிக் கொடுத்ததற்கு மேலதிகாரியான சூப்பிரண்டு மெமோ கொடுத்தார். அந்த மேலதிகாரிதான் இரண்டாவது விரல்.

மனைவி பகவதியை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பூதப்பாண்டிக்காரர்களிடம் பெண் கேட்டபோது மாப்பிள்ளைக்கு கார்ப்பரேஷனில் கரண்ட் வேலை என்று சொல்லியிருந்தார்கள். பொய்யில்லை. மூன்றாம் மாதம் விஷயம் தெரிந்ததும் பகவதி ஊருக்குத் திரும்பிப் போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து பின்பக்கக் குழாயில் குளிக்காமல் அவரை உள்ளே விட்டதும் இல்லை. குளித்த பிறகும் சோற்றைச் சற்று உயரத்தில் இருந்துதான் போடுவாள். அவளையும் விரோதியாக்கினால் சோறு கிடைக்காது என்று பயந்திருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் ஒரு நாட்டு நாய்க்குட்டி நின்றது. குனிந்து பார்த்தார். அது அவருடைய இரண்டு கைகளையும் நக்கியது. குளிக்காத கை. அன்றைக்கு மூன்று பேரைத் தகனம் செய்திருந்த கை. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சூப்பிரண்டு என்று பெயர் வைத்தார். மெமோ கொடுத்த மேலதிகாரியின் வீடு அதே தெருவின் கடைசியில். தினமும் காலையில் அந்த வீட்டு வாசலில் நின்று, “லே சூப்பிரண்டு, உக்காருலே” என்று உரக்கச் சொல்வதற்காகவே அந்தப் பெயர். பழிவாங்கத்தான் வளர்க்க ஆரம்பித்தார், பிறகு உயிராகிவிட்டது. பதினாலு வருஷம்.

போன வருஷம் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், சூப்பிரண்டு செத்தது. அவருடைய இரண்டரை சென்ட் வீட்டில் புதைக்க ஒரு முழம் மண் கிடையாது, எல்லாம் சிமெண்ட். சுடுகாட்டில் தன் இடத்துக்கு வந்தவனிடம் சொன்னால் ரகசியமாக ஏற்றியிருப்பான். சிவதாணு கேட்கவில்லை. மனிதர்களுக்கு மட்டும் என்று சட்டம், அந்தச் சட்டத்தை அவரே ஆயிரம் பேருக்குச் சொன்னவர். கடைசியில் மலையாளப் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரம் ஞாபகம் வந்தது. வளர்ப்புப் பிராணிகளுக்குப் பிரத்யேக தகனம், அஸ்தி வீடு தேடி வரும் என்று போட்டிருந்தது. போன் செய்தார். வெள்ளை வேன் வந்தது.

நானும் கூட வருகிறேன் என்றார். உலைக்குப் பக்கத்தில் வெளியாட்களை விடுவதில்லை என்றான் வேன்காரன். வேறு யாராக இருந்தாலும் சண்டை போட்டு வண்டியில் ஏறியிருப்பார்கள். சிவதாணு சரி என்று தலையாட்டிவிட்டார். அழுகிற ஜனங்களை உலையிலிருந்து விலக்கி நிறுத்துவதே முப்பத்தொரு வருஷம் அவர் வேலையாக இருந்தது. இன்னொரு உலைக்காரன் சொன்னதை நம்பினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

மறுநாள் பட்டுத்துணி சுற்றிய மண்கலயம் வந்தது. சிவதாணு அதைத் தாளில் கொட்டி விரலால் பரப்பினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தாளை அப்படியே மடித்துக்கொண்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“சாமி, இதுல மூணு பேரு இருக்காவ.”

உள்ளே வரச் சொன்னேன். தாளை மேஜையில் விரித்தார். நகம் அளவுக்கு ஒரு தாடை எலும்பு, அதில் ஊசி மாதிரி ஒரு பல். சூப்பிரண்டுக்கோ முன்பல்லெல்லாம் கொட்டிப்போய் வருஷமாகிவிட்டது. அப்புறம் உள்ளே கூடாக இருந்த ஒரு மெல்லிய எலும்பு.

“இது பூச்ச. இது ஏதோ பறவ. பாக்கி இருக்கப்பட்டது எனக்க நாயா, வேற எவனுக்க நாயான்னு எனக்கே தெரியல்ல. எனக்கே தெரியல்லன்னா பாத்துக்கிடுங்க.”

அவர் கண் கலங்கவில்லை. அந்த பஸ் இருக்கை எனக்கு ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது. அவருக்காக இந்தக் கேஸை எழுதிக் கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். பிராணிகளைத் தகனம் செய்கிறவன் இப்படித்தான் செய்ய வேண்டும், சொந்தக்காரன் நின்று பார்க்கலாம் என்றெல்லாம் தனியாக ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஒரு சேவை செய்தால் அவன் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவன். ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்தால் அது முறைகேடான வியாபாரம். பொய் விளம்பரம் போட்டிருந்தால் அதைத் திருத்தி இன்னொரு விளம்பரம் போட வைக்கலாம். வக்கீல் வேண்டாம், நாமே நின்று பேசலாம்.

“உமக்கு என்ன பரிகாரம் வேணும், சொல்லும். எழுதிக்கறேன்” என்றேன்.

“எனக்க நாய் எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியாது. அவனுக்க ஆளு எங்க கெடக்குன்னு அவனுக்கும் தெரியாமப் போணும்.”

“அதுக்குச் சட்டத்துல செக்‌ஷன் இல்லை ஓய்.”

“அப்பம் இருக்கத எழுதுங்க.”

இருந்ததை எழுதினேன். கால்நடை டாக்டர் எலிசாள் அந்தத் தாடையைப் பார்த்து, பூனையுடையது என்று சான்று கொடுத்தார். அதையும் சேர்த்து நுகர்வோர் கமிஷனில் தாக்கல் செய்தோம்.

கம்பெனிக்காரர்களின் பதில் வந்தது. படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பல பிராணிகளைச் சேர்த்துத்தான் எரிக்கிறோம், அதை நாங்கள் மறைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். விளம்பரத்தில் உள்ள பிரத்யேகம் என்ற சொல்லுக்கு விசேஷம் என்றுதான் பொருளாம். விசேஷமான துணி, விசேஷமான பூ, விசேஷமான கலயம். தனியாக எரிப்போம் என்று எங்கே சொன்னோம் என்று கேட்டிருந்தார்கள். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் உண்டு. தனியாக என்றும் சொல்லலாம், விசேஷமாக என்றும் சொல்லலாம். விளம்பரத்தில் ஒரு அர்த்தம், கமிஷனில் இன்னொரு அர்த்தம். முப்பத்தைந்து வருஷம் கோர்ட்டில் அயோக்கியத்தனம் பார்த்தவன் நான், இந்த அளவுக்குப் பார்த்ததில்லை.

அடுத்த வாய்தாவுக்கு முதலாளி நேரில் வந்தான். நவநீத் என்று பெயர், முப்பது வயது இருக்கும். நாகர்கோவிலிலிருந்து வந்து சாலை பஜாரில் வியாபாரம் செய்த குடும்பம். வராந்தாவில் அவனைப் பார்த்ததும் சிவதாணு என் முழங்கையைப் பிடித்தார்.

“இவன எனக்குத் தெரியும் சாமி. நாலு வருஷம் முன்ன ஒரு வியாழக்கிழம. அவனுக்க அப்பாவக் கொண்டுவந்தான். கலந்துரக் கூடாது, கலந்துரக் கூடாதுன்னு மூணு மட்டம் சொல்லிக் கரைஞ்சு அழுதான். நான் தட்டக் கூட்டிக் காமிச்சேன்.”

நவநீத் எங்களைக் கடந்து போனான். சிவதாணுவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. உலைக்காரன் முகத்தை யார் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு வாய்தா தள்ளிப்போனது. சிவதாணு வீட்டுக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போய், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டார். அவர் கேட்டது ஒரே ஒரு காகிதம். அது வர இரண்டு மாதம் ஆனது. வந்த அன்று அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பகவதி தொட்டுப் பார்க்கக் கேட்டதற்குக்கூடக் கொடுக்கவில்லை.

இந்தக் கமிஷனில் பெரும்பாலும் எல்லாம் எழுத்தில்தான் நடக்கும். ஆனால் அடுத்த வாய்தாவில் சிவதாணு எழுந்து, எதிர்க்கட்சிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார். கிடைத்தது. மலையாளத்தில்தான் கேட்டார், நான் தமிழில் சொல்கிறேன். சட்டைக்குள்ளிருந்து அந்தக் காகிதத்தை, நாலு வருஷம் முன்பு நவநீத் சுடுகாட்டு அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தின் நகலை, எடுத்து நீட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானா?”

நவநீத் வாங்கிப் பார்த்தான். “ஆமா.”

“அப்பாவோட அஸ்தி பிரத்யேகம் வேணும்னு உங்க கையால எழுதியிருக்கீங்க. அது எந்தப் பிரத்யேகம்? பூவும் பட்டுத்துணியும் கேட்டீங்களா?”

நவநீத் அப்போதுதான் முதல்முறையாக சிவதாணுவின் முகத்தைப் பார்த்தான். அவனுடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் போனார். அதற்குள் அவனே, “தனியா வேணும்னுதான் எழுதினேன்” என்றான். கமிஷன் தலைவர் உரக்க இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், அதே அளவில், நாங்கள் தனியாக எரிப்பதில்லை, சேர்த்துத்தான் எரிக்கிறோம், கலயத்தில் உங்கள் பிராணியின் சாம்பல் மட்டும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கம்பெனி பெயர் போட்டு அச்சடிக்க வேண்டும். அது வெளியான அன்று நான் ஐந்து பத்திரிகை வாங்கிக்கொண்டு சிவதாணு வீட்டுக்கு ஓடினேன். அவர் ஒரு தடவை படித்தார். பிறகு மடித்து வைத்துவிட்டு, “பத்தாது சாமி” என்றார்.

அந்த மனுஷனைத் திருப்திப்படுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே கார் நின்றது. நவநீத் தனியாக இறங்கி வந்தான். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்து நான் எழுந்தேன். முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். சவரம் செய்து ஒரு வாரம் இருக்கும்.

“அண்ணாச்சி, விளம்பரம் வந்தப்பறம் ஆளுக போன் பண்ணிக் கேக்காங்க. எங்க பூச்ச எது, எங்க நாய் எதுன்னு. எனக்குச் சொல்ல முடியல, பற்றுன்னில்ல” என்றான். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. “ஒண்ணு மட்டும் கேக்கணும். அன்னைக்கு எனக்குத் தந்தது எங்க அப்பாவோடதுதானே? வேற யாரோடயும் கலந்திருக்காது இல்லியா? வர்க்கலை கடல்ல கொண்டு கரைச்சாச்சு. இனி பாக்கவும் முடியாது. நீங்கதான் சொல்லணும்.”

சிவதாணு காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். தட்டைக் கூட்டியதையும், உள்ளங்கையால் தடவியதையும் இப்போது சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆள்கூட இந்தக் கேள்வியை அவரிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் அவருக்கு வாய்க்கப் போவதும் இல்லை.

“அன்னைக்கு நாலு பேரு வந்தாவ. நல்ல திரக்கு, ஒரே கூட்டம்” என்றார் சிவதாணு. “எனக்கு ஓர்ம இல்ல பிள்ளே, ஞாபகமே வரல்ல.”

நவநீத் திரும்பி நடந்தான். காருக்குள் போய் உட்கார்ந்த பிறகும் வண்டி வெகுநேரம் கிளம்பாமல் நின்றது. சிவதாணு ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் போனதும் மிச்சக் காப்பியைக் குடித்தார்.

நான் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டேன். “என்ன ஓய் இப்படிச் சொல்லிட்டீர்? அது அவன் தோப்பனாரோடதுதான்னு உமக்குத் தெரியும். கிழமை வரைக்கும் சொன்னீரே. உம்ம முப்பத்தொரு வருஷத்தையும் நீரே அழிச்சுட்டீரே.”

“அது போட்டும் சாமி” என்றார். “நெசத்தச் சொன்னா அவன் நிம்மதியா ஒறங்கிருவான்லா.”