பழைய முகவரிக்கு இன்னும் ஒரு நாள்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஒரு வரிகூடக் கூட்டவில்லை. நம்பாதவர்கள் வந்து அந்தக் கதவைப் பார்க்கலாம்.

அக்கா தையல்காரி. தங்கைக்கு வலைத்தளங்களைப் பராமரிக்கும் வேலை. அத்தான் சுத்தியலால் அக்காவின் இடது கையை உடைத்த மறுநாளே, தங்கை புதிதாக ஒரு வாடகை வீடு பிடித்து அவளைக் கூட்டி வந்துவிட்டாள். இடம் அத்தானுக்குத் தெரியாது. தெரிந்தால் கொன்றுவிடுவார்.

அக்காவின் தையல்கடைத் தளம் மட்டும் அத்தான் வீட்டுக் கணினியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் 2.10க்கு, தங்கை அதை வேறு கணினிக்கு மாற்றி, தளம் எந்தக் கணினியில் இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டும் டிஎன்எஸ் பதிவையும் திருத்தினாள்.

"இனிமே யாரும் அங்க போக மாட்டாங்கல்ல?"

"போவாங்கக்கா. ஊர் ஊரா இருக்கிற நெட் கம்பெனி கம்ப்யூட்டருங்க பழைய முகவரியைக் குறிச்சு வச்சிருக்கும். அது காலாவதியாக ஒரு நாள் ஆகும். முந்தின நாளே அந்தக் கெடுவை அஞ்சு நிமிஷமாக் குறைச்சிருக்கணும்... மறந்து தொலைச்சிட்டேன்."

"நல்லா வேலை பாக்குற, போ!"

புதன் காலை 11.20. வெளியூர் வாடிக்கையாளர் போனில் வந்தார்.

"துணியை எந்த வீட்டுக்கு அனுப்பறேன்னு உங்க தளத்துல கேட்டீங்களேம்மா? நீங்க குடுத்த புது அட்ரஸைத்தான் எழுதினேன். சரிதானே?"

அக்கா தளத்தில் அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை. தங்கை சோதித்துப் பார்த்தாள். அந்த ஊரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் பழைய முகவரிதான், அத்தான் வீட்டுக் கணினிதான்.

1.52. கதவில் ஓர் அடி.

"யாரு?"

இரண்டாவது அடியில் மரம் பிளந்தது. சுத்தியல் முனை உள்ளே வந்தது... போனது.

"அவர்தான்டி. அந்த மூச்சு எனக்குத் தெரியும்."

போலீஸ் வர இருபது நிமிடமாம். இருவரும் குட்டை அலமாரியைத் தள்ளி முட்டுக் கொடுத்தார்கள். ஓட்டை வழியே ஒரு கை நுழைந்தது. அக்காவின் முடியைப் பற்றியது. இழுத்தது. நெற்றி கதவில் மோதியது. மறுபடி... மறுபடி... ரத்தம் கண்ணை மறைத்தது.

தங்கை கத்தரிக்கோலால் அந்தக் கையில் குத்தினாள். நான்கு முறை.

ரத்தமே வரவில்லை.

2.09. கீல் பிய்ந்தது.

2.10... சரியாக ஒரு நாள்.

கை இல்லை.

வெளியே படிக்கட்டிலும் யாரும் இல்லை.

போலீஸ் அத்தான் வீட்டில் உள்ளே தாழிட்டிருந்த கதவை உடைத்தது. கணினி முன் நாற்காலியில் கிடந்தார். சனிக்கிழமையே செத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

தங்கை இன்ஸ்பெக்டரைக் கேட்டாள்.

"அந்தக் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டீங்களா சார்?"

"எங்கம்மா ஆன்ல இருந்துச்சு? சனிக்கிழமையில இருந்து அந்தத் தெருவுக்கே கரண்ட் இல்லையே."