கன்ட்ரோல் எடுத்த வருஷம்

அரிசிக்கு இருந்த கன்ட்ரோலை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று சேலம் கடைவீதியில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். யுத்த காலத்திலிருந்து கார்டும் பையுமாக வரிசையில் நின்ற ஜனங்கள். இனி எந்தக் கடையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஊர்விட்டு ஊர் மூட்டை கொண்டுபோகலாம், வழியில் யாரும் இறக்கிப் பார்க்க மாட்டார்கள். ஓட்டல்காரர் ஒருவர் வாசலில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கலை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டே தின்றேன். நான் ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா.

நாலு வருஷமாக அந்த வேலையில் இருந்தேன். பிறந்த குழந்தையின் பெயரைக் கார்டில் சேர்ப்பது, செத்தவரின் பெயரை அடிப்பது, வீடு மாறியவரைக் கடை மாற்றுவது. செத்தவர் பெயரை அடிக்க யாரும் தாமாக வந்ததில்லை என்பது வேறு விஷயம். கன்ட்ரோல் போன பிறகும் சில வாரங்கள் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. முன்பெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, ஒரு பேர் விட்டுப்போச்சு சாமி" என்று கெஞ்சுகிற கூட்டம். இப்போது அந்த ஜன்னலில் வெயில் மட்டும் வந்து நின்றது. ஒரு நாள் சைக்ளோஸ்டைல் செய்த காகிதத்தை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தற்காலிக ஊழியர்கள் ஆட்குறைப்பு செய்யப்படுகிறார்கள். வேறு இலாகாக்களில் காலியிடம் ஏற்படும்போது அவர்கள் பெயர்கள் பரிசீலிக்கப்படும்.

என் அப்பா அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் இருந்தார். சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவரும் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் ஐந்து மாதக் கர்ப்பம். அப்பா ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவர் ரிட்டயரானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆனால் அவருக்கு அதுபற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

"பரிசீலிக்கப்படும்னு போட்டிருக்கான்ல? கவர்மென்ட் சொன்னா செய்யும். பொறுமையா இரு" என்றார்.

பொறுமையாக இருப்பதுதான் எனக்கு முடியவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, தேவைக்கு மேல் இறைத்து, வாளிகள் நிரம்பிய பிறகு அக்கம்பக்கத்தாரின் வாளிகளையும் நிரப்புவேன். சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவேன். கதவுக் கீலுக்கு எண்ணெய் போடுவேன். பத்து மணி ஆனதும் கால்கள் தாமாகவே வாசலுக்குப் போகும். ஆபீஸ் நேரம் அல்லவா!

ஒரு நாள் என் மனைவி கன்னியர் மடத்துக்காகத் தைத்துக்கொண்டிருந்த பள்ளிப் பாவாடையை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தக் கதவை விட்டுடுங்க. இந்த வாரத்துல மூணாவது தடவை எண்ணெய் போடுறீங்க."

"சத்தம் கேக்குது."

"கதவுல இல்லீங்க சத்தம்" என்றாள். மறுபடியும் ஊசியை எடுத்தாள்.

அதன் பிறகு வீட்டில் இருப்பதைக் குறைத்தேன். வேலைவாய்ப்பு ஆபீஸில் பெயர் பதிந்துவிட்டு வாரம் இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். என்னோடு ஆபீஸில் பக்கத்து மேஜையில் இருந்தவர் ஒருவரும் வருவார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், மூன்று பெண்கள். முதல் பத்து நாள் இருவரும் சேர்ந்து போனோம். பிறகு அவர் வருவதை நிறுத்திவிட்டார். தேடிப் போனபோது கலெக்டர் ஆபீஸ் எதிரில் புளியமரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள உட்கார்ந்து மனு வாங்கினேன், இப்ப வெளிய உட்கார்ந்து மனு எழுதுறேன், அவ்வளவுதான்" என்று சிரித்தார். "நீயும் வந்து உட்காரு. உன் கையெழுத்து என்னுதைவிட நல்லாருக்கும்."

உட்கார்ந்தேன். நாலு நாள். நிலம் பறிபோனவர்கள், புருஷன் விட்டுப்போனவர்கள், பட்டா கேட்டு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கக் கேட்க எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கிழவர் தன் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். நண்பரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அவர் அந்தக் கிழவர் பக்கம் திரும்பி, "நீங்க எங்கிட்டச் சொல்லுங்கய்யா" என்றார்.

பிறகு ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை வேலை, பதினோரு நாள். புளித்த மாவு நாற்றம்கூடப் பழகிவிட்டது. நாற்காலியை விட்டு அசையக் கூடாது என்று முதலாளி சொன்னதுதான் பழகவில்லை. எடப்பாடியில் நூல் கடை ஒன்றில் ஒரு வாரம். அங்கே அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும், "நான் சொன்னேன்ல? ஆர்டர் வரும், இரு" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் மாதா கோயிலிலும் ஆட்கள் கேட்பார்கள். ஏதாவது கிடைத்ததா, இன்னும் இல்லையா என்று. நல்ல மனசோடுதான் கேட்டார்கள். நான் பூசை முடியும் முன்பே பக்கவாசல் வழியாக வெளியே வர ஆரம்பித்தேன்.

திருச்செங்கோட்டில் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு எழுத்தர் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். முதல் பஸ்ஸில் போனேன். சங்கத்தில் இருந்தவர், "செக்ரட்டரி வரட்டுங்க, அப்புறமா வாங்க" என்றார். எப்போது வருவார் என்று கேட்டேன். "வருவாருங்க" என்றார். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தேன். எதிரில் மலை. உச்சிக் கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். என் கையில் மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம் இருந்தது. எட்டரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் வந்தால் மணி பார்ப்பேன், போனால் மணி பார்ப்பேன். வேறு என்ன செய்வது?

பத்து மணிக்கு மேல் சண்டை வந்தது. ஈரோடு போகும் இரண்டு கம்பெனி பஸ்கள் அடுத்தடுத்து நின்றன. முன்னால் நின்ற வண்டியின் கண்டக்டர் ஆட்களைக் கூவிக் கூவி ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற வண்டியின் கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார்.

"பத்து பத்துக்கு எடுக்க வேண்டிய வண்டியப் பத்தே காலுக்குக் கொண்டாந்து நிறுத்திப்போட்டு, என்ற ஆளுங்களை ஏத்தறியா?"

"யாரு சொன்னது பத்தே கால்னு? நான் வாரப்ப மணி பத்து எட்டு!"

சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. பிரயாணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் எழுந்து போய், "பத்து பதிமூணு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குடையும் கையுமாக நின்றிருந்த ஒரு பெரியவரும் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க எந்தக் கம்பெனி ஆளுங்க?" என்றார் அவர்.

"எந்தக் கம்பெனியும் இல்லீங்க. சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த வண்டி வந்தப்ப பத்து பதிமூணு. அதுக்கு முந்தி சங்ககிரி வண்டி ஒம்பது அம்பத்தொண்ணுக்கு வந்து அம்பத்தேழுக்குப் போச்சு. சேலம் வண்டி ஒம்பது முப்பத்தெட்டு. அது ரெண்டு நிமிஷம்கூட நிக்கலை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முன்வண்டிக் கண்டக்டர் என்னை முறைத்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார். ஏறிய ஆட்களில் பாதிப் பேர் இறங்கிப் பின்வண்டிக்குப் போனார்கள். குடைக்காரர் மட்டும் என் பக்கத்திலேயே நின்றார்.

"முன்னால நின்னது எங்க வண்டிங்க. நான்தான் மேனேஜரு" என்றார்.

"தெரியாமச் சொல்லிட்டேங்க."

"தெரிஞ்சுதானுங்க சொன்னீங்க. நிமிஷக் கணக்காச் சொன்னீங்க. எங்க டைம் கீப்பரு போன வாரம் மஞ்சக்காமாலைன்னு ஊருக்குப் போயிட்டாருங்க. அவரு இல்லாம இவனுக ஆடறானுக. அவரு வார வரைக்கும் நீங்க நிக்கறீங்களா?"

"நிக்கிறதுங்களா?"

"ஆமாங்க. ஒரு நாற்காலி போட்டுத் தாரோம். ஆனா உட்கார நேரமிருக்காதுங்க."

சங்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை. செக்ரட்டரி அன்று வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்தார்.

"கவர்மென்ட் நோட்டுல எழுதின கை. பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதப் போறியா? அதுவும் சீக்காளி திரும்பி வர்ற வரைக்கும்?"

என் மனைவிதான் பதில் சொன்னாள். அவள் அவரிடம் எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான். "ஊதட்டும் மாமா. வீட்டுக்குள்ள ஊதாம இருந்தாச் சரி."

வேலை எளிது. வரும் வண்டியின் நேரத்தையும் போகும் வண்டியின் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். நேரமானதும் விசில் கொடுத்து வண்டியைக் கிளப்ப வேண்டும். தாமதம் என்றால் காரணம் கேட்க வேண்டும். டிரைவர்கள் முதல் மாதம் என்னோடு பேசவில்லை. 'பத்து பதிமூணு' என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். புழுதியில் சட்டை காலர் மதியத்துக்குள் செம்மண்ணாகிவிடும். ஆனாலும் ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு.

தூக்கத்தைக் கெடுக்கவும் ஒன்று இருந்தது. தினமும் காலை முதல் பஸ்ஸிலிருந்து மஞ்சள் கண்ணோடு யாராவது இறங்குகிறார்களா என்று பார்ப்பேன். காமாலையில் படுத்த அந்தப் பழைய டைம் கீப்பர் நல்லபடியாகக் குணமாக வேண்டும் என்று ஜெபம் செய்வேன். இப்போதே குணமாக வேண்டாம் என்று அதே மூச்சில் நினைப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லியும்விட்டேன். மூன்றாம் மாதம் அவர் வந்தார், எலும்பும் தோலுமாக. என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"அழகா எழுதறீங்க. வெயில்ல நிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. நான் ஷெட்டுல டீசல் கணக்குப் பாக்கறேன். நீங்களே நில்லுங்க" என்றார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மலையடிவாரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டுமாக வீடு பிடித்து, பிரசவம் முடிந்து மனைவியையும் மகளையும் அழைத்துவந்தேன். அவளுக்கு ஒரு குறைதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு கிடையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் மட்டும் பஸ் ஏறிப் பூசைக்குப் போவாள். "உங்க வண்டியே லேட்டுன்னா சாமியார் பிரசங்கத்துலதான் போய் உட்காரணும், பாத்துக்குங்க" என்று எச்சரித்துவிட்டுப் போவாள்.

அடுத்த வருஷம் அப்பாவின் ஆர்டர் வந்தது. அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும். அவர்தான் அதற்காகக் காத்திருந்தார். தபாலில் அனுப்பாமல் தானே பஸ் ஏறிக் கொண்டுவந்தார். நான் இரண்டு வண்டிகளை அனுப்பும் வரை நிழலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு உறையை நீட்டினார். ஆத்தூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பதினைந்து நாளில் சேர வேண்டும். கீழே ஒரு வரி: இந்த நியமனம் தற்காலிகமானது, முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம்.

"இந்த வரி போன ஆர்டர்லயும் இருந்துச்சுப்பா" என்றேன்.

"எல்லா ஆர்டர்லயும் இருக்கும். அது ஒரு வழக்கம்."

"அந்த வழக்கம்தான் என்னை வெளிய அனுப்புச்சு."

அவர் பஸ்களைப் பார்த்தார். ஆட்கள், கூடைகள், கோழிகள், கூச்சல். "இதுக்கா ஒன்னைப் படிக்க வெச்சேன்?" என்றார். அவர் ஏறிய சேலம் வண்டிக்கு நான்தான் விசில் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் அவர் திரும்பவில்லை.

ஆத்தூர் போகாமல் விட்டது சரியா என்று பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் நண்பர்களில் இரண்டு பேர் அதே மாதிரி ஆர்டரை ஏற்றுப் போய்ப் பின்னாளில் நிரந்தரமானார்கள். ஒருவர் ஜீப்பில் வந்து ஸ்டாண்டில் இறங்கி என் தோளைத் தட்டிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா ரிட்டயராகும் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு டிரங்குப் பெட்டியும் மாதா படமுமாக எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்க வண்டி ஏழு நிமிஷம் லேட்டு."

அறுபதுகளின் நடுவில் முதலாளியின் பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது பஸ்களும் பிரிந்து, ஒவ்வொன்றாகக் கைமாறின. நான் அப்போது செக்கிங் இன்ஸ்பெக்டர். மேனேஜர் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டார். குடை இல்லாமல் முதன்முறையாக அவரைப் பார்த்தேன். "என்னால ஒண்ணும் பண்ண முடியலீங்க" என்றார். எனக்கு முன்னால் அவருக்கு வேலை போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நாற்பதை நெருங்கியிருந்தேன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூன்று பேர். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பரிசீலிப்பார்களா என்று கேட்கவில்லை. அவருடைய பழைய பார்சல் ஆபீஸ் சிநேகிதர் ஒருவரின் மகன் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பதாகவும், வண்டி எப்போது போயிற்று, எங்கே நிற்கிறது என்று பார்க்க அங்கே ஆள் இல்லாமல் திண்டாடுவதாகவும் சொன்னார். இதை எப்போது விசாரித்து வைத்திருந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

என் மனைவி சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு எந்த பஸ்ஸுக்குப் போறீங்க?"

"முதல் பஸ்ஸுக்கு."

"அப்ப சட்டையை இப்பவே கழட்டிக் கொடுங்க. துவைச்சுப் போட்டாத்தான் காயும்."