சாம்பல் மூடிக் குழாய்

மருத்துவமனையில் அவளுக்கு ‘வலிக்காது அக்கா’ என்று பெயர். ஊசி போடும்போதெல்லாம் அந்த ஒரே பொய்யைத்தான் சொல்வாள். ஆனால் கை சுத்தம், குத்தியது தெரியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். புதிய மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் பிரிவுக்கு ரத்தம் எடுத்துத் தருவது அவள் வேலை.

அந்த மாத்திரை எஸ்டர் என்ற வேதிப்பொருள் வகை. ரத்தத்தில் இருக்கும் நொதிகள் அதைச் சும்மா விடுவதில்லை, உடைத்துப் போட்டுவிடும். உடம்புக்குள் நடக்க வேண்டியதுதான். ஆனால் ரத்தத்தை வெளியே எடுத்த பிறகு, ‘போதும் நிறுத்து’ என்று நொதிக்கு யார் சொல்வது? குழாய்க்குள்ளும் உடைத்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தும் பொடி போட்ட குழாய்க்குச் சாம்பல் நிற மூடி. எடுத்த கையோடு பனிக்கட்டியிலும் வைத்துவிட வேண்டும்.

அன்று வரிசை வாசல்வரை நின்றது. சாம்பல் மூடிக் குழாய் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த பெட்டி மாடியில் இருந்தது. யார் ஏறுவது? சோதனைப் பிரிவில் கடைசி ஆளாக வந்த ஒரு பெரியவருக்கு மட்டும், அந்தப் பொடி இல்லாத ஊதா மூடிக் குழாயில் எடுத்தாள். பனிக்கட்டியில் வைக்கவும் மறந்தாள். பிறகு ரத்தத்திலிருந்து தெளிநீரைப் பிரித்துச் சின்னக் குப்பியில் ஊற்றி அனுப்பிவிட்டாள். குப்பிக்கெல்லாம் ஒரே நிற மூடி, எந்தக் குழாயில் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் பெரியவர் மகனோடும் மருமகளோடும் வந்தார். வேறெந்த மருந்துக்கும் கேட்காத அவர் நோய் இந்த மாத்திரைக்குத்தான் கேட்டிருந்தது.

“ரத்தத்துல மருந்தே இல்லையே. ஒழுங்கா சாப்பிடலேன்னா சோதனையில வெச்சுக்க முடியாதுங்க. இன்னொரு வாரம் பாக்கறேன்” என்றார் டாக்டர்.

மகன் மருத்துவமனை நடையிலேயே மனைவி மேல் பாய்ந்தான். “ஒரு மாத்திரை குடுக்க உனக்கு வலிக்குதா? குடுத்தேன் குடுத்தேன்னு பொய் வேற!”

“விடுடா, அவ குடுத்தா” என்று பெரியவர் முனகினார். யார் காதில் வாங்கினார்கள்?

அக்கா அங்கேதான் நின்றிருந்தாள். ஊதா மூடி நினைவுக்கு வந்தும், ஊருக்கே பதில் சொல்லும் வாய் அடுத்தவரை ‘வாங்க’ என்று மட்டும் கூப்பிட்டது. ‘மாடி ஏறச் சோம்பல்பட்டு ஒரு குடும்பத்தில் தீ வைத்தாயே, பாவி’ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்திலேயே ஒரு வாரத்தைக் கடத்தினாள். அதற்குத்தான் மன்னிப்பே கிடையாது.

அவர்கள் மறுபடி வரவேண்டிய நாளுக்கு முந்தின நாள் டாக்டர் அறைக்குள் போனாள்.

“தப்பு என்னோடது டாக்டர். ஊதா மூடியில எடுத்துட்டேன். அந்தக் குப்பியில மருந்தைத் தேடாதீங்க, உடைஞ்ச துண்டைத் தேடச் சொல்லுங்க.”

அன்றைக்கே தேடினார்கள். துண்டுகள் நிறையவே இருந்தன. விழுங்காத மாத்திரையா உடையும்? அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பெரியவருக்கு இடம் நிலைத்தது.

மறுநாள் அவர்கள் வந்தபோது மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னை மன்னிச்சிரும்மா.”

“ரத்தத்துல மருந்து நெஜமாவே இருந்துச்சாக்கா?” என்றாள் அவள். “இவர் திட்டத் திட்ட, குடுக்காமயே குடுத்ததா நெனச்சுக்கிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வாரம் பூரா மாத்திரைய முழுங்கினாரான்னு மாமாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன்க்கா, கொழந்தைக்குப் பாக்குற மாதிரி.”

அக்கா சாம்பல் மூடிக் குழாயை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனாள். எப்போதும் சொல்வது நாக்கில் வரவில்லை.

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டுவதற்கு முன்னால், பழக்கத்தில், வாயை அகலத் திறந்து காட்டினார்.